மைனி பொருத்தனை செய்த வான்கோழி

எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகையில் வாழைக்குலை, பூசணிக்காய், சேவல், கிடாய் என்று எத்தனையோ ஏலத்துக்கு வந்திருக்கின்றன. வான்கோழி வந்தது ஒரே ஒரு வருஷம், 1953-இல். அதைக் குஞ்சிலிருந்து வளர்த்தவள் என் வீட்டுக்காரரின் அக்கா ஞானபாய். அது ஏலத்துக்குப் போகக் காரணமானவள் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. ஊரில் இந்தக் கதையை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லுகிறார்கள். எல்லாரும் என்னை நல்லவளாக்கிச் சொல்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஞானபாயை நான் மைனி என்றுதான் கூப்பிடுவேன். இருபத்துமூன்று வயதில் அவளுக்குக் கல்யாணம். இருபத்துநாலில் புருஷன் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை. மூலையில் உட்கார்ந்து அழுகிற சுபாவம் அவளுக்குக் கிடையாது. மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்ந்து பிரசவம் பார்க்கப் படித்தாள். அந்தச் சம்பளத்தில் தம்பி ஆபேலை வாத்தியார் வேலைக்குப் படிக்கவைத்தாள். பெண் பார்த்து என்னைக் கட்டிவைத்தாள். எங்கள் கல்யாணம் முடிந்த மறுமாதமே, 1948-இல், இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு மருத்துவச்சியாகப் போய்விட்டாள். ஆக, ஐந்து வருஷம் நான் மைனியைத் தெரிந்துகொண்டது கடிதத்தில்தான்.

அந்தக் கடிதங்களில் அழுகையும் இருக்காது, ஆசையும் இருக்காது. மழை, குளிர், அட்டைக்கடி, இந்த மாதம் பிறந்த பிள்ளைகள் இத்தனை, அதில் ஆண் இத்தனை பெண் இத்தனை, எல்லாருக்கும் ஸ்தோத்திரம், முடிந்தது. அவள் கொஞ்சம் விரித்து எழுதியது வண்டிப் பயணத்தைப் பற்றி மட்டும்தான். எங்கள் ஊர் அஞ்சுகிராமத்திலிருந்து ரெண்டு மைல். தரை எல்லாம் ஒரே மட்டம். இங்கே ஒரு மாட்டுவண்டி வேகமாகப் போனாலே நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அங்கேயோ ஆஸ்பத்திரி ஒரு மலையில், தொழிலாளிகள் குடியிருக்கும் லயங்கள் மூன்று மலையில். நடுவே கொண்டை ஊசி மாதிரி வளைகிற ரோடு, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பார்த்தால் அடி தெரியாத பள்ளம். தோட்டத்து லாரியில் உர மூட்டைக்கு மேல் உட்கார்ந்துதான் போகவேண்டும்.

அந்த லாரியை ஓட்டியவன் கிளீட்டஸ், நம் தேங்காய்ப்பட்டணத்துப் பையன். கடலில் வள்ளத்தில் வளர்ந்தவன். “நம்ம ஊர்க்காரன் என்று சந்தோஷமாக ஏறினேன். இவன் வண்டியைத் தரையில் ஓட்டுகிறதாக நினைக்கவில்லை, அலையில் ஓட்டுகிறதாக நினைக்கிறான். வளைவு வந்தால் பாட்டுப் படிக்கிறான். இறங்கினபோது என் கையில் மூட்டைச் சணல் ஒரு பிடி இருந்தது” என்று மைனி எழுதியிருந்தாள். ஆபேல் அதைப் படித்துப் படித்துச் சிரித்தார். வாரத்துக்கு மூன்று தடவை அந்த லாரியில் ஏறவேண்டியவள் அவள்தான் என்பது எங்கள் ரெண்டு பேருக்கும் அப்போது உறைக்கவில்லை.

வான்கோழி வந்தது 1951 ஐப்பசியில். அந்த வருஷம் மழையில் மண் சரிந்து ரோடு அறுந்துவிட்டது. எதிர் மலையில் பங்களாத் துரையின் சமையல்காரனுடைய பெண்சாதிக்கு இடுப்புவலி. லாரி போகாது. தேயிலைக் கொழுந்து மூட்டைகளை மலையிலிருந்து ஃபாக்டரிக்கு இறக்க ஒரு இரும்புக் கம்பி கட்டியிருப்பார்கள். அதில் ஒரு மரப்பெட்டியைத் தொங்கவிட்டு, “ஏறுங்க அம்மா” என்று சொல்லிவிட்டார்கள். மைனி மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். நடுவழியில் கம்பி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. கீழே மேகம். கண்ணை மூடிக்கொண்டு தனக்குத் தெரிந்த சங்கீதங்களை எல்லாம் சொல்லி முடித்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாளாம்.

பிரசவம் நல்லபடி முடிந்தது. தாயும் பிள்ளையும் சுகம். சமையல்காரன் சந்தோஷத்தில், “அம்மாவுக்கு என்ன வேணும்?” என்று கேட்டான். பங்களா முற்றத்தில் கிறிஸ்துமஸ் விருந்துக்காக வான்கோழிக் குஞ்சுகள் வளர்ந்துகொண்டிருந்தன. அதில் ஒன்றுக்குக் கால் வளைந்துபோய், மற்றவை தீனியை முடித்த பிறகுதான் அது வந்து சேரும். அன்று சாயங்காலம் அதைக் கழுத்தைத் திருகி எறிவதாக இருந்தார்கள். மைனி, “அந்த நொண்டியைத் தா” என்றாள். திரும்பி வரும்போதும் அதே மரப்பெட்டிதான், அதே குலுக்கல்தான். குஞ்சு அவள் கக்கத்துக்குள் தலையை நுழைத்துக்கொண்டு சத்தமில்லாமல் இருந்தது. “என்னைவிடப் பயந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்ததால் எனக்குப் பயம் தெரியவில்லை” என்று எழுதியிருந்தாள். கடிதத்தில் அவள் மனசைத் திறந்து எழுதின ஒரே வரி இதுதான்.

குஞ்சு வளர்ந்து நல்ல கனமான சேவலாகிவிட்டது. கால் மட்டும் நேராகவில்லை. மார்பைத் தள்ளிக்கொண்டு, ஒரு காலைச் சாய்த்து அது நடப்பதைப் பார்த்து லயத்து ஜனங்கள் ‘துரை’ என்று பெயர் வைத்தார்கள். மைனி லயம் லயமாகப் போக, துரை பின்னாலேயே போகும். கிளீட்டஸ் லாரியிலும் ஏறும். அவள் உள்ளே பிரசவம் பார்த்து முடிக்கிற வரையில் வாசலில் நிற்கும், ஒருத்தரையும் நுழையவிடாது.

1953 சித்திரையில் மைனியின் பெர்மிட்டை இனி நீட்ட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வருகிறேன் என்று கடிதம் போட்டாள். நான் பதில் எழுதினேன். ‘மைனிக்கு நேசபாய் எழுதிக்கொண்டது. வரும்போது பீங்கான் கோப்பை செட் ஒன்று வாங்கி வரவும், ஆறு கோப்பை உள்ளது, பூப்போட்டது’ என்று. அவள் ஐந்து வருஷம் எங்களுக்குச் சம்பாதித்துப் போட்டிருக்கிறாள். நான் எழுதின ஒரே சொந்தக் கடிதம் அது. சுகமாக வந்து சேருங்கள் என்று ஒரு வார்த்தை எழுதினேனா என்று நினைவில்லை.

ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று மூன்று நாள் பயணம். தனுஷ்கோடியில் சுங்க அதிகாரி கூடையைத் திறந்து பார்த்து, மூக்கின் மேல் தொங்குகிற சிவப்புச் சதையைத் தொட்டு, “இது எந்த வகை?” என்று கேட்டாராம். மைனி, “கோழி வகைதான் சார்” என்றாள். அவரும் கோழி என்றே எழுதிக்கொண்டார். திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் வரும் பஸ்ஸில் கூடையை மேலே போடச் சொன்னான் கண்டக்டர். அவன் விசில் ஊதும்போதெல்லாம் துரை கூடைக்குள்ளிருந்து கொளகொளவென்று பதில் கொடுத்தது. பஸ்ஸே சிரித்ததில் அவன் பேசாமல் விட்டுவிட்டான். ஆரல்வாய்மொழிக் காற்றில் பஸ் ஆடி ஆடி வந்ததாம். “அதெல்லாம் ஒரு ஆட்டமா?” என்றாள் மைனி.

வீட்டு முற்றத்தில் வந்து இறங்கினாள். ஆபேல் ஓடிப்போய் டிரங்குப் பெட்டியை வாங்கினார். நான் அட்டைப்பெட்டியைத் தூக்கினேன். உள்ளே கலகலவென்றது. பிரித்துப் பார்த்தால் ஆறு கோப்பையும் சில்லு சில்லாக இருந்தன. ஒரே ஒரு சாஸர் மட்டும் தப்பியிருந்தது.

“என்ன மைனி இது?” என்றேன்.

“வண்டி கொஞ்சம் ஆடிப் போச்சு, நேசம். கை வழுக்கிட்டு. வேற வாங்கித் தாரேன்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அப்போது கூடை திறந்து துரை வெளியே வந்தது. ஒரு சிறகு கூட ஒடியவில்லை. மைனி அந்தத் தப்பின சாஸரை எடுத்து, அதில் தண்ணீர் ஊற்றி அதற்கு வைத்தாள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் கோபம் ஏறியது.

அதற்குப் பிறகு எனக்கும் அந்த வான்கோழிக்கும் ஒரு நாளும் ஆனதில்லை. நெல் காயப்போட்டால் நடுவில் வந்து நிற்கும். சிவப்புச் சேலை கட்டினால் வாலை விசிறிக்கொண்டு துரத்தும். எங்கள் சபையை நடத்தும் உபதேசியார் ரசலையன் ஜெபம் பண்ண வந்தபோது, அவர் கண்ணை மூடின நேரம் பார்த்து முழங்காலில் கொத்திவிட்டது. “மைனி, இதுக்கு ஒரு வழி பண்ணுங்க. ஒண்ணு அது இருக்கணும், இல்லேன்னா நான் இருக்கணும்” என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லுவேன். மைனி பையை எடுத்துக்கொண்டு பிரசவத்துக்குக் கிளம்புவாள், துரை நொண்டிக்கொண்டே பின்னால் போகும்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. மைனி ஊருக்கு வந்த நாளிலிருந்து கோயிலில் நற்கருணை எடுக்கவில்லை. எல்லாரும் எழுந்து முன்னால் போகும்போது அவள் மட்டும் கடைசிப் பாயில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு மாதம், ரெண்டு மாதம் என்று ஆவணியும் ஆகிவிட்டது. எங்கள் சபையில் ஒருத்தர் நற்கருணைக்கு எழும்பவில்லை என்றால் மனசில் ஏதோ குற்றம் கிடக்கிறது என்று அர்த்தம். பெண்கள் என்னிடம் ஜாடையாகக் கேட்க ஆரம்பித்தார்கள். சிலோனில் என்ன நடந்ததோ என்றாள் ஒருத்தி. நானும் அவள் வாயை அடக்கவில்லை.

புரட்டாசியில் கிளீட்டஸ் லீவில் ஊருக்கு வந்தான். மைனியைப் பார்த்துப் போக எங்கள் வீட்டுக்கும் வந்தான். மைனி ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தாள். அன்று மழை என்பதால் துரையை வீட்டில் விட்டிருந்தாள். அதை முற்றத்தில் பார்த்ததும் கிளீட்டஸ் அப்படியே நின்றுவிட்டான்.

“அக்கோ, இது இப்பளும் இங்கயா நிக்கு? கோயில்ல குடுக்கல்லியா?” என்றான்.

“எதுக்குக் கோயில்ல குடுக்கணும்?” என்றேன்.

“அப்பம் ஞானபாய் அக்கா ஒண்ணும் சொல்லல்லியா?” என்று அவன் திண்டாடிப்போய், பிறகு சொன்னான். மைனி கிளம்பின அன்று ஹட்டன் ஸ்டேஷனுக்கு அவன்தான் லாரியில் கொண்டுவிட்டது. மூடுபனி. மைனி முன்னால் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், ஒரு கையில் கோப்பைப் பெட்டி, ஒரு கையில் துரை.

“ஃபாக்டரி வளைவு தாண்டி இறக்கம் அக்கோ. பிரேக்கைச் சவுட்டுதேன், கால் அடியில போயி முட்டுது. வண்டி நிக்கல்ல. நான் பத்து வருசமா ஓட்டுதேன், அண்ணைக்குத்தான் மாதாவே மாதாவேன்னு கத்தினேன். ஒரு வளைவ ஒடிச்சேன். ரெண்டாவது வளைவ ஒடிச்சேன். மூணாவதுல வண்டி கேக்கல்ல. அக்கா கோப்பைப் பெட்டிய விட்டுட்டு கோழிய ரெண்டு கையாலயும் சேத்துப் பிடிச்சா. பெட்டி காலடியில உருண்டு கிலுகிலுன்னு பொடியாச்சு. அப்பம் ஒரு சத்தம் போட்டா பாருங்க, எனக்கு இப்பளும் காதுல நிக்கு. ‘ஆண்டவரே, உயிரோட ஊருல கொண்டு சேரும், எனக்க துரைய ஒமக்குத் தாரேன்’ன்னு. நான் வண்டிய அப்படியே தேயிலைச் செடியில கொண்டு சாத்தினேன். நிண்ணுட்டு. எறங்கிப் பாத்தா, முன் சக்கரம் ஒண்ணு பள்ளத்துக்கு மேல அந்தரத்துல சுத்துது.”

அவன் போன பிறகு நான் முற்றத்தில் நின்று அந்த வான்கோழியைப் பார்த்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு வந்தது சந்தோஷம். பொருத்தனையாக ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டதைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு ஐந்து மாதம் கோயிலில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாள். கேட்டால் வாயைத் திறக்கமாட்டாள். இனி அவள் மறுக்க முடியாது, நானும் பழி சுமக்க வேண்டாம், துரை தானாகவே தொலையும். மைனி வருவதற்குள் குடையை எடுத்துக்கொண்டு உபதேசியார் வீட்டுக்குப் போனேன். ரசலையன் உபதேசியார் முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார். “ஆண்டவருக்குச் சொன்ன வார்த்தையில்லா? குடுத்துத்தான் ஆகணும்” என்றார். அவர் முகத்திலும் ஒரு திருப்தி தெரிந்தது.

பண்டிகைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பொருத்தனைப் பட்டியல் வாசிப்பது எங்கள் சபை வழக்கம். இன்னார் ஒரு வாழைக்குலை, இன்னார் ரெண்டு கோழி என்று உபதேசியார் வாசித்துக்கொண்டே வந்து, “ஞானபாய் அம்மாள், வான்கோழி ஒண்ணு” என்றார். மைனி நிமிர்ந்தாள். ஆண்கள் பக்கம் ஆபேலைப் பார்க்கவில்லை, உபதேசியாரைப் பார்க்கவில்லை. நேரே என்னைத்தான் பார்த்தாள். எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் சண்டை போடுவாள் என்று நானும் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே வந்தேன். அவள் அடுக்களையில் தண்ணீர் குடித்துவிட்டு, “நீ சொன்னது நல்லதாப் போச்சு, நேசம்” என்றாள். “அறுப்பு வரட்டும், அறுப்பு வரட்டும்னு நாளத் தள்ளிக்கிட்டே இருந்தேன். எனக்கு வாய் வரல்ல.”

அந்த வாரம் முழுக்க அவள் துரையை ஒரு நாளும் வீட்டில் விட்டுப் போகவில்லை. மழை பெய்தாலும் கூட்டிக்கொண்டுதான் போனாள்.

எங்கள் சபையில் ஏலம் நெல்லில்தான். கன்னிப்பூ, அதாவது முதல் போகத்து அறுப்பு முடிந்து எல்லார் வீட்டிலும் நெல் இருக்கிற நேரம் என்பதால் மரக்கால் கணக்கில் கேட்பார்கள். இன்னொரு சட்டமும் உண்டு. பொருத்தனை செய்தவர் தன் பொருளைத் தானே ஏலம் கேட்கக்கூடாது. முன்னொரு வருஷம் ஒருத்தர் பெரிய பலாப்பழம் ஒன்றை ஊரறியக் கொடுத்துவிட்டு, அதை அடிமாட்டு விலைக்குத் தானே எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். அதிலிருந்து அந்தச் சட்டம். ஆகவே மைனிக்கு வழியே இல்லை. ஆபேல் கேட்கலாம். ஆனால், கொடுத்தவள் வீட்டிலேயே திரும்ப எடுத்தால் ஊர் என்ன சொல்லும் என்று அவர் முதல் நாளே வாயை மூடிக்கொண்டார். வாத்தியாருக்கு ஊர்தான் பெரிது.

பண்டிகையன்று மைனி துரையைக் கயிறு கட்டிக் கொண்டுபோகவில்லை. அவள் முன்னால் நடந்தாள், அது பின்னால் நொண்டி நொண்டி வந்தது. கோயில் முற்றத்தில் பூசணிக்காய்களுக்கும் சேனைக்கிழங்குக்கும் நடுவில் அதை நிறுத்தினாள். அவள் நகர்ந்ததும் அதுவும் நகர்ந்து அவள் காலடிக்கு வந்தது. மறுபடி கொண்டு நிறுத்தினாள், மறுபடி வந்தது. சனங்கள் சிரித்தார்கள். கடைசியில் ஒருத்தர் அதன் காலில் கயிறு போட்டு வாழைக்குலையோடு கட்டினார்.

ஏலம் போடும் முன்னால், பொருத்தனை செய்தவர் எதற்காகச் செய்தார் என்று சாட்சி சொல்லவேண்டும். பெரும்பாலும், “காய்ச்சல் சுகமாச்சு, ஸ்தோத்திரம்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். மைனி எழுந்து நின்றாள்.

“வண்டி பள்ளத்துல போவப் பாத்துது. எனக்குச் சாவுக்குப் பயம் இல்ல. அங்க செத்தா மலையில எங்கயாவது புதைப்பாவ. எனக்கத் தம்பி வீட்டு முற்றத்துல ஒருக்காக் காலு வைக்கணும், தம்பிய, தம்பி பொண்டாட்டியக் கண்ணால காணணும்னு ஆசையா இருந்துது. அவளுக்குன்னு கோப்பை வாங்கி வச்சிருந்தேன். அது கையில நிக்கல்ல. கையில இதுதான் இருந்துது. ஆண்டவருக்கு இதத்தான் குடுக்க முடிஞ்சுது. கொண்டு சேத்தாரு. குடுக்க அஞ்சு மாசம் பிந்திட்டேன். மன்னிக்கணும்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். மலையில் உயிர் போகிற நேரத்தில் அவள் பார்க்க ஆசைப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. அவள் வந்து இறங்கியதும் நான் முதலில் பார்த்தது அட்டைப்பெட்டியை.

“ரெண்டு மரக்கால்!” என்று ஆரம்பித்தார் ஜான்ரோஸ். எங்கள் ஊர்க்காரர்தான், நாகர்கோவிலில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். கிறிஸ்துமஸுக்கு வான்கோழி பிரியாணி போட்டால் ஆபீஸ்காரர்கள் எல்லாரும் வருவார்கள் என்று காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். யாரோ மூன்று என்றார்கள். ஜான்ரோஸ் ஐந்து என்றார். ஆறு, எட்டு என்று ஏறியது. ஜான்ரோஸ், “பத்து மரக்கால்!” என்று எழுந்தே நின்றுவிட்டார். அதற்குமேல் கேட்க ஆள் இல்லை.

“பத்து மரக்கால், ஒருதரம்” என்றார் உபதேசியார்.

நான் மைனியைப் பார்த்தேன். அவள் துரையைப் பார்க்கவில்லை. வலது கை மணிக்கட்டை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டு மண்ணைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எத்தனை ஆயிரம் பிள்ளைகளை வாங்கின கை, அது தானாகத் தூக்கிவிடக் கூடாதென்று பிடித்திருந்தாள்.

“பத்து மரக்கால், ரெண்டுதரம்.”

“ஒரு கோட்டை!” என்றேன்.

ஒரு கோட்டை என்றால் இருபத்தொரு மரக்கால். எங்கள் வயலில் அந்தப் பூவுக்குக் கிடைத்ததே மூன்று கோட்டைதான். பதினொன்று என்று சொல்லியிருந்தாலே போதும். எனக்கு அந்த நேரத்தில் மரக்கால் கணக்கு ஒன்றும் ஓடவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ஏலம் கேட்டு எங்கள் சபையில் பழக்கமும் கிடையாது.

“ஏட்டி, உனக்குக் கிறுக்கா?” என்று ஆண்கள் பக்கத்திலிருந்து ஆபேல் எழுந்துவிட்டார்.

“ஒரே வீட்டு ஆளு எடுக்கப்பிடாது!” என்றார் ஜான்ரோஸ்.

உபதேசியார் வான்கோழியைப் பார்த்தார். அவர் முழங்காலை நினைத்தாரோ, ஒரு கோட்டை நெல்லை நினைத்தாரோ, தெரியாது. “நேர்ந்த ஆளு கேக்கப்பிடாதுன்னுதான் சட்டம். நேசபாய் நேரல்லியே. அவ அதுக்கு எதிராளியாக்கும், ஊருக்கே தெரியும்” என்றார். ஜனங்கள் சிரித்த சிரிப்பில் மூன்றாம் தரம் யாருக்கும் கேட்கவில்லை. கயிற்றை அவிழ்த்து என் கையில் கொடுத்தார்கள். கையில் வாங்கினதுமே துரை என் பெருவிரலில் ஒரு கொத்துக் கொத்தியது. எனக்கு வேண்டியதுதான்.

மைனி பண்டிகை ஆராதனையின் கடைசியில் நற்கருணைக்கு அழைத்தபோது எழுந்து முன்னால் போனாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு அவள் முழங்காலில் நின்றதைப் பார்த்து எனக்குத்தான் அழுகை வந்தது. நான் அன்று எழும்பவில்லை. கடைசிப் பாயில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இன்னும் ரெண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

மறுநாள் காலையில் மைனி பையை எடுத்துக்கொண்டு பிரசவத்துக்குக் கிளம்பினாள். துரை வழக்கம்போல் பின்னால் போகத் தயாராக நின்றது. மைனி அதைக் கூப்பிடவில்லை. அடுக்களை வாசலுக்கு வந்து நின்றாள்.

“நேசம், உனக்க துரைய எனக்கக் கூடக் கொண்டு போவட்டா?” என்றாள்.

விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. கொடுத்தது கொடுத்ததுதான், இனி அது அவளுடையது இல்லை, அவ்வளவுதான் அவள் கணக்கு. ‘ஐயோ மைனி, அது உங்களுடையது, உங்களுக்காகத்தானே எடுத்தேன்’ என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால், அவள் ஆண்டவருக்குக் கொடுத்ததை நான் பிடுங்கித் திருப்பிக் கொடுத்ததாகிவிடும். மறுபடி கடைசிப் பாயில்தான் போய் உட்காருவாள். ஆகவே விழுங்கிக்கொண்டேன்.

“கொண்டு போங்க மைனி. சாயந்திரம் பத்திரமாக் கொண்டு விட்டிரணும்” என்றேன்.

“விட்டிருதேன்” என்றாள்.

துரை அதற்குப் பிறகு நாலு வருஷம் இருந்தது. அந்த நாலு வருஷமும் மைனி ஒரு நாள் தவறாமல் அடுக்களை வாசலில் வந்து நின்று கேட்டாள். நானும் ஒரு நாள் தவறாமல், என்னுடையதைக் கொடுக்கிற மாதிரியே கொடுத்தேன்.